முதல் கரீபியன் கப்பல் பயணம்: விசா பார்ப்பது முதல் இறங்கும் காலை வரை

மயாமியில் ஏறி, மெக்சிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா என்று சுற்றி, ஏழாம் நாள் இரவு கழிந்து மறுபடி மயாமியிலேயே இறங்கும் பயணத்தை வைத்து இதை எழுதுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் அதிகம் எடுப்பது இந்த மேற்குக் கரீபியன் வழிதான். நான் நான்கு முறை போய்வந்துவிட்டேன். அதில் இரண்டு முறை ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவும் நண்பர்களின் குடும்பங்களும் கூட வந்தார்கள். அவர்கள் பட்ட சிரமங்களில் முக்கால்வாசி, வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை. சலுகை விலையைப் பார்த்தவுடன் பணம் கட்டிவிட்டு, அப்புறம் விசாவைத் தேடுவார்கள். ஆகவே இதைப் படிக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டும் விசாவும்

கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது. அதாவது நீங்கள் அமெரிக்காவுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். விசாவில் பலமுறை நுழைவு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியர்களுக்குத் தரும் பத்து வருட பி1/பி2 விசிட்டர் விசாவில் பொதுவாக அது இருக்கும். இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்தபின் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அடுத்து, கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையா என்று தனித்தனியாகப் பாருங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். எல்லாத் தீவுகளும் அப்படி இல்லை. "அந்த ஊரில் நாங்கள் இறங்கவே மாட்டோம், கப்பலிலேயே இருந்துவிடுவோம்" என்ற வாதம் துறைமுகக் கவுன்டரில் எடுபடாது. ஒரே ஒரு ஊருக்கு ஆவணம் குறைந்தாலும் கப்பலிலேயே ஏற்றாமல் விடலாம், கட்டிய பணமும் போகும்.

எச்-1பி வேலை விசாவிலும் அவர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பிங் காலாவதியாகிவிட்டது, ஐ-797 ஒப்புதல் கடிதம் மட்டும் கையில் இருக்கிறது என்றால் இந்தப் பயணம் வேண்டாம். காலாவதியான ஸ்டாம்பிங்கோடு 30 நாளுக்குள் போய்த் திரும்ப ஒரு விதி உண்டு. ஆனால் உங்களுக்கு அது கனடா, மெக்சிகோவோடு நின்றுவிடுகிறது, தீவுகளுக்குப் பொருந்தாது. எஃப்-1 மாணவர்களுக்குக் கியூபா நீங்கலாக அருகிலுள்ள தீவுகளும் அதில் அடக்கம். அவர்களும் கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்களா? கப்பலில் போய்த் திரும்பினால் ஐ-94இல் (எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற பதிவு) புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பழைய தேதியே தொடரலாம். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை அந்தப் பழைய தேதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகள், ஏறிய துறைமுகத்திலேயே இறங்கும் பயணமென்றால் பிறப்புச் சான்றிதழை வைத்தே கப்பலில் போய்வரலாம். ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். நடுவில் உடம்பு சரியில்லாமல் போய் ஏதோ ஒரு தீவிலிருந்து விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் பிறப்புச் சான்றிதழ் உதவாது.

2. மாதமும் வழியும்

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். அப்போது விலை இறங்கிக் கிடக்கும். கப்பல் புயலுக்குள் போகாது, வழியை மாற்றிக்கொள்ளும். ஜமைக்கா என்று பணம் கட்டியவர் பஹாமாஸில் போய் நிற்பார். துறைமுகக் கட்டணம் திரும்பி வரலாம், பயணக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. எந்த ஊரானாலும் சரி, கடலில் இருந்தால் போதும் என்பவர்கள் தாராளமாகச் செப்டம்பரில் போகலாம். குறிப்பிட்ட இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள், விலை ஏறும்.

வயதானவர்கள் கூட வந்தால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கப்பல் துறைமேடையில் கட்டப்படுகிறதா, நடுக்கடலில் நங்கூரம் போடுகிறதா? கிராண்ட் கேமனிலும் பெலீஸிலும் நங்கூரம்தான். அங்கிருந்து சிறு படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். அலை இருந்தால் படகு ஆடும்போதே காலெடுத்து வைக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கும் சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்கும் அது பெரிய பாடு. அவர்களோடு போகிறீர்கள் என்றால் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன், சான் ஹுவான் போகும் கிழக்கு வழி சௌகரியம்.

3. அறை: விலைக்கு முன் இடத்தைப் பாருங்கள்

ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, ஸ்வீட் என்று விலை ஏறிக்கொண்டே போகும். எல்லோரும் இதை யோசிப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டு, அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் கோட்டை விடுகிறார்கள். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். மேல்தளத்தின் முன்முனையில் பால்கனி எடுத்து இரண்டு நாள் வாந்தி எடுத்தவரை எனக்குத் தெரியும். அதைவிட மலிவான உள்ளறையில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

கப்பல் நிறுவனத்தின் தளத்தில் கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம் இருக்கும். உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைமேல் கேட்கும். கீழே நாடக அரங்கு இருந்தால் இரவு பதினொன்று வரை இசை.

அறை எண்ணைக் கப்பல்காரர்களே கடைசியில் ஒதுக்கும் மலிவு வகை ஒன்றும் உண்டு. அதை எடுத்தால் மேலே சொன்ன எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே அறையில் நான்கு பேர் என்றால் மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்கும் பரண் போல இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். பாட்டிக்கு அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

4. உண்மையான செலவைக் கூட்டிப் பாருங்கள்

விளம்பரத்தில் இருப்பது பாதி விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் அதில் அடக்கமா என்று பாருங்கள். பணியாளர்களுக்கான டிப்ஸ், பெரிய நிறுவனங்களில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர், குழந்தைகளுக்கும் உண்டு. நான்கு பேர், ஏழு நாள் என்றால் 450 முதல் 560 டாலர். இது தானாகவே உங்கள் கப்பல் கணக்கில் ஏறிவிடும். முன்கூட்டியே கட்டிவிட்டால் கடைசி நாள் பில்லைப் பார்த்து மயக்கம் வராது.

மதுபான பேக்கேஜ் எடுக்கும் முன் விதியைப் படியுங்கள். ஒரு அறையில் ஒரு பெரியவர் எடுத்தால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. கணவர் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்ற வீட்டுக்கு இது நஷ்டக் கணக்கு. தண்ணீர், சாதாரண காபி, தேநீர், பஃபேயில் சாப்பாடு எல்லாம் ஏற்கனவே கட்டணத்தில் அடக்கம்.

கப்பலுக்குள் காசு புழங்காது. கப்பலில் தரும் அறை அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறும். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவுக்கு முன்னாலேயே ஒரு தொகையை வங்கியில் நிறுத்திவைப்பார்கள், அது விடுபடச் சில நாளாகும். கிரெடிட் கார்டுதான் சரி.

பயண இன்சூரன்ஸைத் தவிர்க்க வேண்டாம். கப்பல் மருத்துவமனையில் சும்மா மருந்து தரமாட்டார்கள், எல்லாவற்றுக்கும் பில் உண்டு. அப்பா அம்மாவுக்கு ஊரிலேயே எடுத்த பாலிசி இருந்தால் அது கப்பல் பயணத்துக்கும், நோயாளியை ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கரை சேர்க்கும் செலவுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. விமானத்தில் முந்தின நாளே போய்ச் சேருங்கள்

கப்பல் மாலை நாலுக்குத்தான் கிளம்புகிறது, காலை விமானத்தில் போனால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திராது. அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் அவ்வளவு சுலபமில்லை, அங்கே ஏற கப்பல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், டிக்கெட்டும் உங்கள் செலவு. ஓர் இரவு ஓட்டல் வாடகை இதைவிட மலிவு.

திரும்பும் விமானத்தை மதியத்துக்கு மேல் போடுங்கள். கப்பல் காலை ஆறரை, ஏழு மணிக்கு வந்துவிட்டாலும் ஆயிரக்கணக்கானவர்கள் குடிவரவு வரிசையில் நிற்பார்கள்.

6. ஆன்லைன் செக்-இன், திறந்த அன்றே

கப்பல் நிறுவனத்தின் செயலியில் பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், கிரெடிட் கார்டு எல்லாம் ஏற்றி, ஏறும் நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் வந்தவர்களுக்கு முன்நேரம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா பாருங்கள். குடும்பப்பெயர் இல்லாத, இனிஷியல் மட்டும் உள்ள நம் பாஸ்போர்ட்டுகளில் இது அடிக்கடி குளறுபடியாகும். விமானச் சீட்டில் ஒரு மாதிரி, கப்பலில் வேறு மாதிரி என்று வைக்காதீர்கள். கடைசியில் பெட்டியில் கட்டும் அடையாளச் சீட்டுகளை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பெட்டி கட்டுவது

ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுக வாசலில் போர்ட்டரிடம் கொடுத்துவிடுவீர்கள். அது அறைக்கு வந்துசேர மாலை, சில சமயம் இரவு ஆகிவிடும். ஆகவே பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், நீச்சல் உடை, குழந்தைக்கு மாற்றுத்துணி எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டு இரவு எட்டு மணி வரை தாழ்வாரத்தில் பெட்டி தேடிய அனுபவம் எங்கள் வீட்டில் நடந்தது. மாத்திரைகள் மருந்துச்சீட்டோடும் அசல் அட்டையோடும் இருப்பது நல்லது.

சூடாகும் சாதனம் எதுவும் கூடாது. ரைஸ் குக்கர், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஸ்கேனரில் பிடிபட்டு, கடைசி நாள்தான் திரும்பக் கிடைக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் குக்கரைத் துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். குக்கர் மாட்டியது, பெட்டி வந்துசேர இன்னும் இரண்டு மணி நேரம் தாமதமானதுதான் மிச்சம். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் கார்டும் கூடாது. தீப்பிடித்தால் கடலில் ஓட இடமில்லை என்பதுதான் காரணம். அறையில் அமெரிக்கத் தட்டைப் பிளக்குகள் இருக்கும், இந்தியச் சார்ஜருக்கு மாற்றுப்பின் வேண்டும்.

வீட்டில் செய்த புளிச்சோறும் சப்பாத்தியும் ஏற்றவிட மாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் உடைக்காத முறுக்கு, ஊறுகாய்ச் சிறு பாக்கெட், இட்லிப்பொடி பாக்கெட் பொதுவாகப் போகும். ஆனால் பழமோ காய்கறியோ கப்பலிலிருந்து தீவில் இறக்கக் கூடாது.

ஏழு நாள் பயணத்தில் ஒன்றிரண்டு இரவு முறையான உடை எதிர்பார்ப்பார்கள். கோட் வாங்க வேண்டியதில்லை. பட்டுப்புடவையும் பட்டுவேட்டியும் அந்த அரங்கில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும். இராணுவ உடை போலத் திட்டுத்திட்டாக இருக்கும் (கேமஃப்லாஜ்) துணியை மட்டும் கொண்டுபோக வேண்டாம். ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் லூசியா போன்ற இடங்களில் பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம், குழந்தையின் அரைக்கால் சட்டை ஆனாலும் சரி. செயின்ட் தாமஸ் அடங்கிய அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை உண்டு, வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்.

8. ஏறிய முதல் இரண்டு மணி நேரம்

ஏறியவுடன் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள், அங்கே உட்கார இடம் கிடைக்காது. அந்த நேரத்தில் வேறு மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஒன்று, பாதுகாப்புப் பயிற்சி. செயலியிலோ அறை டிவியிலோ காணொலியைப் பார்த்துவிட்டு, அட்டையில் குறித்திருக்கும் இடத்துக்கு நேரில் போய் ஸ்கேன் செய்துவிட்டு வர வேண்டும். கப்பல் கிளம்பும் முன் எல்லோரும் முடித்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் ஒலிபெருக்கியில் அழைப்பார்கள், கடைசி நிமிடத்தில் வரிசையும் நீளும்.

இரண்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கரை விலகியதும் கப்பலின் செயற்கைக்கோள் கோபுரத்தோடு போன் தானாக இணைந்துவிடும். அது உங்கள் சர்வதேசத் திட்டத்தில் அடங்காது, பில் நூறு டாலரைச் சுலபமாகத் தாண்டும். வைஃபை மட்டும் திருப்பி ஆன் செய்யுங்கள். வைஃபை பேக்கேஜ் புறப்படும் முன்பே வாங்கினால் மலிவு. செயலிக்குள் உள்ளேயே பேசிக்கொள்ளும் வசதி சில கப்பல்களில் இலவசம் அல்லது சொற்பக் கட்டணம், அப்பாவைத் தேட அதுவே போதும்.

மூன்று, சைவம் சாப்பிடுபவர்கள் பிரதான உணவகத்துக்குப் போய்த் தலைமைப் பரிமாறுநரிடம் பேசுங்கள். இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று சொல்லிவைத்தால் பெரிய கப்பல்களில் தினமும் இரவுக்கு ஏதாவது செய்து தருவார்கள். அடுத்த நாளுக்கு முந்தின இரவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தனியாகச் சமைக்கப்படுகிறது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். மாமிசச் சாறும் மீனும் முட்டையும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். வருவது பெரும்பாலும் பனீர், தால், நாண் வகை. சாம்பாரை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அந்த இட்லிப்பொடி இதற்காகத்தான்.

9. கடலிலேயே கழியும் நாட்கள்

குமட்டல் வந்தபின் மாத்திரை போடுவது அவ்வளவாகப் பயன்தராது. ஆட்டம் தொடங்கும் முன்பே மெக்லிசின் போட வேண்டும், தூக்கம் வரும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் பெரியவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். குமட்டும்போது அறைக்குள் படுக்காமல் நடுத்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோவைரஸ் வயிற்றுப்போக்கைக் கைக்குத் தடவும் சானிடைசர் சரியாகக் கொல்லாது.

10. கரை இறங்கும் நாள்: எந்தக் கடிகாரம்?

ஆட்களைத் தீவில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும் தவறு இங்கேதான் நடக்கிறது. மயாமியில் மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை கோடைக்கால நேரம். கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா மூன்றிலும் நேரம் ஆண்டு முழுக்க மாறாது. கோடையில் அவை மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும். கப்பல் தன் கடிகாரத்தை மயாமி நேரத்திலேயே வைத்திருக்க, உங்கள் போன் கரையில் சிக்னல் பிடித்து உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். நாலரைக்குள் ஏறுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். போனில் நாலு மணி, இன்னும் அரை மணி இருக்கிறது என்று கடையில் பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் அப்போது ஐந்து.

சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கே மாறிக்கொள்கின்றன. ஆகவே இறங்கும் முன் அறிவிப்பைக் கேட்டு, வாசலில் உள்ள கடிகாரத்தைப் பார்த்து, கையில் கட்டும் சாதாரணக் கடிகாரத்தை அதற்குச் சரிசெய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவராவது இப்படிக் கட்டியிருக்க வேண்டும். கடைசி ஏறும் நேரம் என்பது கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணியோ அதற்கும் மேலோ முந்தியது. கேமனில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதே உங்கள் எல்லை.

சுற்றுலாவைக் கப்பலில் எடுப்பதா, வெளியே எடுப்பதா? வெளியே மலிவு. ஆனால் கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் சொந்த டாக்சிக்குக் காத்திராது. என் வழக்கம் இது: தூரமாகப் போவதென்றால் கப்பலில் எடுப்பேன், அருகில் என்றால் நானே போவேன். கோசுமெலிலிருந்து துலும் என்ற மாயன் இடிபாடுகளைப் பார்க்கப் படகில் எதிர்க்கரையிலுள்ள பிளாயா டெல் கார்மென் போய், அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். இதைக் கப்பல் மூலமே எடுங்கள். அதே கோசுமெலில் சங்கனாப் கடற்கரைப் பூங்காவுக்கு டாக்சியில் போனால் போதும். அங்கே மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயக் கட்டணம். ஏறும் முன் தொகை ஒரு ஆளுக்கா, வண்டிக்கா என்று கேட்டுவிடுங்கள்.

கேமனில் திருக்கை மீன்களோடு நிற்கும் ஸ்டிங்ரே சிட்டிக்கு இன்னொரு படகு ஏற வேண்டும், இரண்டு படகு தாங்காதவர்கள் செவன் மைல் கடற்கரைக்குப் போய்விடலாம். ஜமைக்காவில் டன்ஸ் ரிவர் அருவியை நீரோடே கையைக் கோத்து ஏறுவார்கள், பாறை வழுக்கும். நீரில் போடும் ரப்பர் செருப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே விலை அதிகம். ஏற முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு உண்டு.

கையில் கப்பல் அட்டை, புகைப்பட அடையாளம், பாஸ்போர்ட் நகல், சில்லறை டாலர்கள். அமெரிக்க டாலர் எங்கும் செல்லும், மீதியை உள்ளூர்க் காசாகத் தரலாம். தீவில் வாங்கும் மதுப்புட்டியைக் கப்பல் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் தருவார்கள்.

11. கடைசி இரவும் இறங்கும் காலையும்

பெரிய பெட்டிக்குக் கப்பல் தரும் வண்ணச் சீட்டைக் கட்டி, இரவு பத்து பதினொரு மணிக்குள் அறை வாசலில் வைக்க வேண்டும். வைக்கும் முன் மறுநாள் போடும் உடையை எடுத்து வெளியே வைத்தீர்களா? எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டு, இரவு உடையோடும் அறைச் செருப்போடும் அமெரிக்கக் குடிவரவு அதிகாரி முன் நின்ற ஒருவர் எங்கள் கூட்டத்திலும் இருந்தார். பாஸ்போர்ட்டும் மாத்திரையும் கைப்பையில்.

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்குபவர்கள் முதலில் போகலாம், ஆனால் எல்லாப் பெட்டியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி தேவையென்றால் முந்தின நாளே வரவேற்பறையில் எழுதிவைத்துவிடுங்கள், காலையில் கேட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பில்லை இரவே செயலியில் பாருங்கள். குடிக்காத பானம், வாங்காத புகைப்படம் ஏறியிருந்தால் அன்றிரவே வரவேற்பறையில் சொல்லித் திருத்தலாம். காலையில் அங்கே வரிசை தாழ்வாரம் தாண்டி நிற்கும். பஃபேயில் எடுத்த ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு இறங்குங்கள், சுங்கத்தில் மோப்ப நாய் நிற்கும்.